சொல்லைப் பிரித்தறிதல்

நீண்ட சொல்லைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் படித்தலும் பொருள் உணர்தலும் எளிதாகும். சொல்லைப் பிரிக்கும் முறை இருவகைப்படும். ஒன்று, ஒலிப்பு நோக்கி அசைகளாகப் பிரித்தல். மற்றொன்று, பொருள் நோக்கி உறுப்புகளாகப் பிரித்தல். இவ்விரண்டும் எப்போதும் ஒத்திருப்பதில்லை.

'ஹெலிகாப்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஒலிப்பு நோக்கிப் பிரித்தால் ஹெ-லி-காப்-டர் என நான்கு அசைகள் கிடைக்கும். இதனால் 'ஹெலி', 'காப்டர்' என்பனவே இதன் உறுப்புகள் எனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. கிரேக்கச் சொற்கள் இரண்டைக் கொண்டு பிரெஞ்சு மொழியில் ஆக்கப்பட்ட சொல் இது. முன்னுறுப்பாகிய 'ஹெலிகோ' சுருளைக் குறிக்கும். பின்னுறுப்பாகிய 'ப்டர்' சிறகைக் குறிக்கும். 'காப்' என்னும் அசையில் 'கா' முன்னுறுப்பைச் சேர்ந்தது. 'ப்' பின்னுறுப்பைச் சேர்ந்தது. ஓர் அசையின் நடுவிலேயே பொருளின் எல்லை அமைந்துள்ளது.

தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'மரங்களை' என்பது ஒலிப்பில் ம-ரங்-க-ளை எனப் பிரியும். பொருள் நோக்கின், மரம் + கள் + ஐ எனப் பிரியும். மகரமெய் ஙகரமெய்யாகத் திரிந்ததால் 'மரம்' மறைந்து நிற்கிறது.

'வந்தான்' என்பதையும் காண்க. அது வா(வ) + த்(ந்) + த் + ஆன் எனப் பிரியும்.

வா – பகுதி. 'வ' எனக் குறுகியது விகாரம்
த் – சந்தி. 'ந்' ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
ஆன் – ஆண்பால் வினைமுற்று விகுதி

செயல், காலம், பால் ஆகிய மூன்றையும் இச்சிறு சொல் உணர்த்துகிறது.

தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் பிள்ளைகள் பலருக்கு, அறியாத சொல்லின் பொருளை உடனே கேட்டறிய அருகில் எவரும் இருப்பதில்லை. அவர்களுக்கு அகராதியே துணை. ஆனால் அகராதியில் 'வந்தான்' என்று தேடினால் கிடைக்காது. 'வா' என்று தேடுதல் வேண்டும். பகுதியைக் கண்டறிந்தவர்க்கே அகராதி பயன்படும்.

எனினும், எல்லாச் சொற்களையும் பிரித்தல் கூடாது. 'அந்தமான்' எனச் சேர்ந்து நின்றால் அது தீவுக்கூட்டம். 'அந்த மான்' எனப் பிரிந்தால் அது விலங்கு. இவ்வாறு தனித்து நின்று ஒரு பொருளும், பிரிந்து நின்று வேறு பொருளும் தரும் சொல்லைப் பொதுமொழி என்பர். எப்பொருள் பொருந்தும் என்பதைத் தொடரே காட்டும்.

பயிற்சி

1. பொருள் நோக்கிப் பிரித்து எழுதுக: நகரங்களை, படங்கள், மாணவர்களை.
2. அகராதியில் எச்சொல்லைத் தேடுதல் வேண்டும்? கண்டாள், நின்றான், சென்றது.
3. 'பலகை' என்பதைப் பிரித்தும் பிரிக்காமலும் பொருள் கூறுக.