சித்தப்பா சொன்ன 60 கிலோ

இந்த முறை கோடிங், ப்ளேஸ்மென்ட் எதுவும் இல்லை. ஒரு எடை மெஷினைப் பத்தின கதை.

போன செமஸ்டர் லீவுல எங்க அப்பத்தாவுக்கு திடீர்னு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துட்டு, "மைல்டா அட்டாக் வந்திருக்கு. ஆஞ்சியோ பண்ணணும். அதுவரைக்கும் ரத்தம் உறையாம இருக்க ஊசி போடுவோம்"னு சொன்னாங்க. நர்ஸ் அக்கா எடை கேட்டாங்க. சித்தப்பா யோசிக்காம "60 இருக்கும், போட்டுக்கங்க"ன்னார். நானும் பக்கத்துலதான் நின்னேன், எதுவும் சொல்லலை.

கொஞ்ச நேரத்துல டியூட்டி டாக்டர் வந்தார். அப்பத்தாவை ஒரு பார்வை பார்த்தார். "இவங்களா 60 கிலோ?" உட்கார வெச்சு எடை பார்க்கிற மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். 45. உடனே போன்ல கால்குலேட்டரைத் திறந்து ஏதோ தட்டிட்டு, ஊசி அளவை மாத்தி எழுதினார். 15 கிலோவுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்னு அன்னிக்குப் புரியலை. அப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல, எதுக்கு இந்த ஊசி?

ப்ளட் தின்னர்னு பேரு இருந்தாலும், இது ரத்தத்துல தண்ணி கலக்குற சமாச்சாரம் இல்லை. ரத்தம் உறையுறதைத் தடுக்கிற மருந்து. மாரடைப்புல இதயத்துக்குப் போற குழாய்க்குள்ள ரத்தக் கட்டி உருவாகுது. அதைச் சரி பண்ண கம்பி, பலூன், ஸ்டென்ட்னு உள்ள விட்டா, ரத்தத்தைப் பொறுத்தவரை அதெல்லாம் வெளி ஆள். அதைச் சுத்தியும் உறைய ஆரம்பிக்கும். அதனால மருந்து இல்லாம ஆஞ்சியோபிளாஸ்டி கிடையாது. மருந்து கம்மியானா ஸ்டென்ட் அடைச்சுக்கலாம். அதிகமானா வயிறு, மூளைன்னு எங்க வேணும்னாலும் ரத்தம் கசியலாம்.

கிட்னி எங்கிருந்து வந்தது?

முதல் வருஷம் படிச்ச ஆர்சி சர்க்யூட் ஞாபகம் இருக்கா? கெப்பாசிட்டர்ல சார்ஜ் ஏத்துறோம், ரெசிஸ்டர் வழியா அது இறங்குது. ரெசிஸ்டன்ஸ் அதிகமானா இறங்க நேரம் ஆகும். முழுசா இறங்குறதுக்குள்ள மறுபடி ஏத்தினா வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகும்.

ஈனாக்ஸபாரின்ங்கிற ஊசி இப்படித்தான். உடம்புல இருந்து அது வெளியேற முக்கியமான வழி கிட்னி. கிட்னி மந்தமானா மருந்து தேங்கும். அடுத்த ஊசி அதுக்கு மேல போய் உட்காரும்.

கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு எப்படிக் கணக்கிடுறது? 1976-ல வந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம் இன்னும் புழக்கத்துல இருக்கு:

(140 − வயது) × எடை ÷ (72 × கிரியேட்டினின்). பெண்களுக்கு வர்ற விடையை 0.85-ஆல பெருக்கணும்.

அப்பத்தாவுக்கு வயசு 70, கிரியேட்டினின் 1.4. ரிப்போர்ட்ல அதைப் பார்த்துட்டு "நார்மலை விட லேசாத்தானே கூட இருக்கு"ன்னு நான் நினைச்சேன். நீங்களே போட்டுப் பாருங்க. 25 வயசு, 70 கிலோ பையனுக்கு அதே 1.4 இருந்தா விடை நிமிஷத்துக்கு 80 மில்லிலிட்டர். அப்பத்தாவுக்கு 27-தான்! தசை கம்மியா இருக்கிற உடம்புல கிரியேட்டினினும் கம்மியாத்தான் உருவாகும். அதனால கிட்னி கெட்டிருந்தாலும் அந்த எண் அடக்கமாவே இருக்கும்.

இப்போ சித்தப்பா சொன்ன 60-ஐப் போடுங்க. விடை 35. இங்கதான் சிக்கல். ஈனாக்ஸபாரினுக்கு எல்லைக்கோடு 30. அதுக்கு மேலன்னா கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 30-க்குக் கீழன்னா அதே அளவு நாளைக்கு ஒரே தடவை. சித்தப்பா கணக்குப்படி ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம். உண்மையான எடைக்கு 45. ரெண்டரை மடங்குக்கும் மேல! எடை தப்பானதால ஊசியோட அளவும் தப்பாகியிருக்கும், எத்தனை தடவைங்கிறதும் தப்பாகியிருக்கும்.

வேற மருந்து இல்லையா?

இருக்கு. பழைய ஹெப்பரின் இருக்கே, 1916-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கண்டுபிடிச்சது, இப்போ பன்றிக் குடல்ல இருந்து எடுக்கிறாங்க. வழக்கமான அளவுல அது வெளியேற கிட்னியை பெருசா நம்பியிருக்கிறது இல்லை. ப்ரொசீஜர் நடக்கும்போதே ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகுதுன்னு சோதிச்சு அளவைக் கூட்டலாம். நம்ம பாஷையில சொன்னா க்ளோஸ்டு லூப். தேவைப்பட்டா ப்ரோட்டமின் கொடுத்து முறிக்கவும் செய்யலாம். ஈனாக்ஸபாரினை ப்ரோட்டமினால ஓரளவுக்குத்தான் முறிக்க முடியும். அதனால கிட்னி மோசமா இருக்கிறவங்களுக்கு கேத் லேப்ல பெரும்பாலும் ஹெப்பரின்தான்.

பைவலிருடின்னு இன்னொண்ணு. ரத்தம் குடிக்கிற அட்டையோட உமிழ்நீர்ல இருக்கிற பொருளை மாதிரியா வெச்சு லேப்ல செஞ்சது. கிட்னி நல்லா இருந்தா 25 நிமிஷத்துல பாதி காலி. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு அதே பாதி இறங்க சுமார் மூன்றரை மணி நேரம்.

இதுல இன்னொரு கொடுமையும் இருக்கு. கிட்னி கெட்டவங்களோட தட்டணுக்கள் சரியா வேலை செய்யாது, அதனால ரத்தக் கசிவு அதிகம். ஆனா அவங்களுக்கே குழாய்ல கட்டி உருவாகுற ஆபத்தும் அதிகம். "பயமா இருக்கு, மருந்தே வேணாம்"னு விடவும் முடியாது. நடுவுல இருக்கிற பாதை ரொம்பக் குறுகலானது. அதுல நடக்க டாக்டருக்குச் சரியான எண்கள் வேணும்.

நாம என்ன பண்ணலாம்?

டோஸ் முடிவு பண்றது டாக்டர் வேலை. சரியான தகவல் கொடுக்கிறது நம்ம வேலை. எடை தெரியலைன்னா "தெரியாது, பாருங்க"ன்னு சொல்லுங்க. பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட் இருந்தா காட்டுங்க. வேற ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தா, அங்க என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டாங்கன்னு சீட்டோட கொடுங்க. ஸ்டென்ட் வெச்ச பிறகு கொடுக்கிற மாத்திரையை டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

அப்பத்தா இப்போ நல்லா இருக்காங்க. வீட்டுல எடை மெஷின் வாங்கி வெச்சிருக்கோம். மாசம் ஒரு தடவை ஏத்தி, காலண்டர்ல குறிச்சு வைக்கிறது சித்தப்பாதான். இந்த வாரம் ஊருக்குப் போனா உங்க வீட்டுப் பெரியவங்களையும் ஒரு தடவை ஏத்திப் பாருங்க.