பணக்காரக் கல்லூரியில்தான் ஏழைக்கு இலவசம், தெரியுமா?

ஹார்வர்டில் ஓராண்டு படிக்க, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து 80,000 டாலருக்கு மேல் ஆகும். நம் பணத்தில் 70 லட்ச ரூபாய் பக்கம்! தலை சுற்றுகிறதா? கொஞ்சம் நில்லுங்கள். அதே ஹார்வர்ட் 2025-26 கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்து, சொத்தும் பெரிதாக இல்லாத குடும்பமென்றால் பெற்றோரிடம் படிப்புக்கோ விடுதிக்கோ சாப்பாட்டுக்கோ காசே கேட்பதில்லை என்பது தெரியுமா? கடனாகக் கொடுப்பதில்லை, மானியமாகவே கொடுக்கிறார்கள். பாஸ்டன் பிள்ளைக்கு எந்த விதியோ அதே விதிதான் மதுரைப் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும்!

இன்னும் பெரிய ஆச்சரியம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தைப் படிக்கும்போது அவரால் பணம் கட்ட முடியுமா என்பதையே பார்க்காத கல்லூரிகள் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை ஏற்கெனவே இப்படித்தான். 2022-ல் டார்ட்மத்தும் போடினும் இதே முடிவை அறிவித்தன. 2025-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து பிரவுனும் இந்த வரிசையில் வந்துவிட்டது. முதலில் தகுதியைப் பார்த்து இடம் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டு, குறைகிற தொகை முழுவதையும் தாங்களே ஏற்பார்கள்!

ஆனால் எல்லாக் கல்லூரியும் இப்படியில்லை. இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு உட்படப் பெரும்பாலான இடங்களில், வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டால் அதுவும் தேர்வில் கணக்கில் வரும். 'கேட்காமல் சேர்ந்துவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அந்த யோசனையை நம்பாதீர்கள்! விண்ணப்பத்தில் கேட்காத உதவியைப் பிறகு நான்கு ஆண்டும் கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. இடம் கிடைத்தும் போக முடியாமல் நிற்கும் அந்தத் துயரம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்றொரு கல்லூரி, 1855-ல் தொடங்கியது. 1892-லிருந்து அது எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்கியதில்லை! நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேலாக! வெளிநாட்டு மாணவர் என்றால் முதலாண்டுத் தங்குமிடத்தையும் உணவையும்கூட கல்லூரியே பார்த்துக்கொள்கிறது. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வாரம் பத்து மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும். துடைப்பம் கட்டுகிறார்கள், தறியில் நெய்கிறார்கள், மரவேலை செய்கிறார்கள். அந்தப் பொருள்கள் விற்பனைக்கும் போகின்றன. படிக்கிற பிள்ளை கையால் வேலை செய்வதை இவ்வளவு மரியாதையாக நடத்தும் இடம் உலகில் அபூர்வம்.

அதைவிட விநோதம், கலிபோர்னியப் பாலைவனப் பள்ளத்தாக்கில் இருக்கும் டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரி. 1917-ல் பிறந்தது. மொத்த மாணவர்களே முப்பது பேருக்குள்தான்! மாடு மேய்ப்பது, பால் கறப்பது, தீவனப் பயிர் வளர்ப்பது எல்லாம் மாணவர் வேலை. படிப்பும் சாப்பாடும் இலவசம். அடுத்த ஆண்டு யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் குழுவில் உட்கார்ந்திருப்பதும் மாணவர்களே! இசைப் பிள்ளைகளுக்கும் ஒரு சேதி: பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி 1928 முதல் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வாசித்துக் காட்டி ஜெயிக்க வேண்டும், அவ்வளவே.

முன்பு சொன்ன யேல் கல்லூரியின் பெயர் சென்னையிலிருந்து போனது தெரியுமா? 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். 1718-ல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ஓர் அரசர் படம் ஆகியவற்றுக்கு நன்றியாக அந்தச் சின்னக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. சரக்கை விற்றதில் கிடைத்தது 562 பவுண்டு! மதராஸ் வியாபாரத்தில் சேர்த்த செல்வம் அது. அவர் காலத்தில் இதே மதராஸ் துறைமுகத்திலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அந்த யேலில்தான் 1854-ல் யுங் விங் பட்டம் பெற்றார், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் சீனர். மிஷனரியாவதாக எழுதிக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்றபோது மறுத்துவிட்டு, மாணவர் மெஸ்ஸில் வேலை பார்த்துப் படித்தவர்! பின்னாளில் 120 சீனச் சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அழைத்துப் போன திட்டமும் அவர் கனவுதான்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே அமெரிக்க முடிவு வந்துவிடும் என்பது தெரியுமா? அப்படியானால் எதைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள்? ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா ஆண்டு மதிப்பெண்ணையும் பார்த்துத்தான்! ஒன்பதிலேயே பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்றிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் என்று ஓட்டும் பள்ளிகள் நம்மிடம் ஏராளம். அந்த 'கணக்கில் வராத' ஆண்டுகள் அங்கே முழுக் கணக்கில் வருகின்றன.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு? கொரோனா காலத்தில் பல இடங்களில் கட்டாயமில்லை என்றார்கள். எம்.ஐ.டி. 2022-ல் மறுபடி கட்டாயமாக்கியது. 2024-ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் வரிசையாக அதே முடிவை அறிவித்தன.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் 'காமன் ஆப்' என்ற ஒரே படிவத்தை ஏற்கின்றன. கட்டுரை 650 சொல்லுக்குள். பாடத்துக்கு வெளியே என்ன செய்தாய் என்று பத்து வரை எழுத இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துக்குறிதான்! அந்தப் பட்டியலில் விளையாட்டு, இசை, விவாத மேடைக்குப் பக்கத்திலேயே 'குடும்பப் பொறுப்பு', 'சம்பள வேலை' என்றும் வகைகள் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பாவின் மளிகைக் கடையில் மாலைதோறும் கணக்கு எழுதும் பெண், படுத்த படுக்கையான பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பையன் எல்லாம் 'எனக்கென்று எழுத எதுவுமில்லை' என்று வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். எழுதுங்கள்! வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். அதையும் உள்ளபடி எழுதுங்கள்.

கேள்விகளின் அழகைப் பாருங்கள். விடுதி அறையைப் பகிரப்போகும், முகம் தெரியாத தோழனுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறது ஸ்டான்ஃபோர்டு. 'எக்ஸைக் கண்டுபிடி' என்று மட்டுமே சொல்லி ஒரு முறை கட்டுரை கேட்டது சிகாகோ பல்கலைக்கழகம்!

உள்ளே எப்படி எடைபோடுகிறார்கள்? 2018-ல் மாணவர் சேர்க்கை குறித்து பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் ஹார்வர்டின் ரகசியம் வெளியே வந்தது. படிப்பு, பிற செயல்பாடு, விளையாட்டு, குணம் என்று தனித்தனியாக 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் உச்சம்! முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை இருந்ததும் அம்பலமானது. எம்.ஐ.டி. அந்தச் சலுகையைத் தருவதே இல்லை. ஆம்ஹெர்ஸ்ட் 2021-ல் நிறுத்திவிட்டது. அதுதான் நியாயம்.

போட்டி கடுமைதான், மறைக்க வேண்டாம். 2024-ல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தது 1,937 பேருக்கு. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை! எம்.ஐ.டி. முடிவு வெளியிடும் நேரம் தெரியுமா? மார்ச் 14, மாலை 6.28. மாதத்தை முதலில் வைத்து எழுதினால் 3.14, அதாவது கணிதத்தில் வரும் 'பை'யின் மதிப்பு; அதன் இரு மடங்கு 6.28! நம் ஊரில் அப்போது மறுநாள் விடியற்காலை 3.58. எத்தனை வீடுகளில் விளக்கெரியுமோ!

'நாங்கள் சீட் வாங்கித் தருகிறோம்' என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவிலேயே ரிக் சிங்கர் என்பவர் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்துப் பணக்காரப் பிள்ளைகளை நுழைத்தார். வாட்டர் போலோ ஆடாத பையனை நீச்சல்குளத்தில் இறக்கிப் படமெடுத்த கூத்தெல்லாம் 2019-ல் வெளிவந்தது. சிங்கருக்கு மூன்றரை ஆண்டு சிறை.

பிள்ளைகளே, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்து வையுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். பண உதவி வேண்டுமா என்ற கேள்வி வரும். வேண்டுமென்றால் கூச்சப்படாமல் 'ஆம்' என்று குறியுங்கள். முன்கூட்டி விண்ணப்பிப்போருக்குப் பல இடங்களில் கடைசி நாள் நவம்பர் 1, மற்றவர்களுக்கு ஜனவரி முதல் வாரம்.