ஏற்காட்டுப் பேரிக்காயும் ஒரு துண்டு பட்டையும்: வீட்டிலேயே பழ மசியல்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போய்வரும் குடும்பங்கள் திரும்பும்போது பெரும்பாலும் மூன்று பொருட்களை வாங்கி வருகிறோம். காப்பித்தூள், மிளகு, பேரிக்காய். முதல் இரண்டும் எப்படியும் செலவாகிவிடும். பேரிக்காயின் கதைதான் வேறு. மலையில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்னும்போது இருந்த ருசி வீட்டுக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறது. பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு, கட்டையாக இருக்கிறது, துவர்க்கிறது என்று வைத்துவிடுவார்கள். நாலைந்து நாள் கழித்து கவரோடு குப்பைக்குப் போகும். உணவை வீணாக்குவதை மார்க்கம் எவ்வளவு கண்டிக்கிறது என்று தெரிந்த வீடுகளிலும் இது நடக்கிறது.

அந்தப் பேரிக்காயை என்ன செய்யலாம் என்று யோசித்தால், ஆங்கிலேயர்கள் ஆப்பிளை வைத்துச் செய்யும் 'ஆப்பிள் சாஸ்' நினைவுக்கு வருகிறது. பெயர்தான் சாஸ். உண்மையில் அது பழத்தை வேகவைத்து மசித்த மசியல்தான். பட்டை, கிராம்பு சேர்த்தால் மணமாக இருக்கும். பொருத்தமும் இருக்கிறது. சேர்வராயன் மலைக்கு ஆப்பிளையும் பேரியையும் காப்பியையும் கொண்டு வந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்பது வரலாறு. அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் ஏற்காட்டில் இருக்கிறது. காப்பி நிலைத்தது, பேரியும் நிலைத்தது. ஆப்பிள் மட்டும் காஷ்மீர், இமாச்சல் போல இங்கே பெருகவில்லை. ஆப்பிள் மரம் நன்றாகப் பூக்க, குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழான குளிர் வேண்டும். சுமார் 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் அவ்வளவு குளிர் விழுவதில்லை. அதனால் நாம் சொல்லப்போகும் முறையில் பேரி மலையிலிருந்தும், ஆப்பிள் கடைத்தெருவிலிருந்தும் வரும்.

கடையில் பாக்கெட்டில் கிடைப்பதை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால், ஏன் வீட்டில் செய்யச் சொல்கிறோம் என்பது புரியும். வட கரோலினா மாநிலத்தில் சில குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. வீட்டுச் சுவரின் பெயின்டா, குடிநீர்க் குழாயா என்று தேடிய சுகாதாரத் துறையினர், கடைசியில் அந்தக் குழந்தைகள் சாப்பிட்ட பட்டை சேர்த்த ஆப்பிள் மசியல் பாக்கெட்டுகளில் காரணத்தைக் கண்டார்கள். ஈக்வடார் நாட்டில் தயாரான பாக்கெட்டுகள் அவை. அங்கே பயன்படுத்திய பட்டைத்தூளைச் சோதித்தபோது, ஒரு மாதிரியில் ஈயத்தின் அளவு 5110 பி.பி.எம். வரை இருந்தது. பட்டைக்கு சர்வதேச அளவில் பரிசீலிக்கப்பட்டு வந்த வரம்பு 2.5 பி.பி.எம். தான். கணக்குப் போட்டால் இரண்டாயிரம் மடங்கு! நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நிறமும் எடையும் கூட்டுவதற்காக, அரைத்த பட்டையில் ஈயக் குரோமேட் என்ற நிறமியைக் கலந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வங்கதேசத்தில் மஞ்சளில் இதே நிறமியைக் கலந்ததும் கண்டுபிடிக்கப்பட்டது.

ஈயத்தைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்துவிட்டால் அதைத் திருப்பவும் முடியாது. ஆகவே நாம் அழுத்திச் சொல்வது, பட்டையைத் தூளாக வாங்க வேண்டாம் என்பதைத்தான். முழுப் பட்டையாக வாங்கி, கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். முழுப் பட்டையில் கலப்படம் செய்வது கடினம். மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் இதுவே பொருந்தும். நம் வீடுகளில் மிளகாய், மல்லியை வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளும் பழக்கம் குறைந்து வருவது இந்த வகையில் நஷ்டமே.

பட்டையிலும் இரண்டு வகை உண்டு. இலங்கையில் கறுவா என்று சொல்லும் சுருள் பட்டை மெல்லிய ஏடுகளாக, சுருட்டு போலப் பல அடுக்காக இருக்கும், கையால் எளிதில் நொறுங்கும். கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா என்ற வேறு இனம். பிரியாணிக்கு என்றைக்காவது போடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் நிறைய உட்கொண்டால் ஈரலுக்கு நல்லதில்லை. குழந்தைகளுக்குச் செய்யும்போது சுருள் பட்டையே மேல்.

இனி செய்முறை. ஏற்காட்டுப் பேரிக்காய் அரை கிலோ, ஆப்பிள் அரை கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். பேரியில் மணம் உண்டு, ஆனால் கூழைக் கெட்டியாக்கும் பெக்டின் ஆப்பிளில்தான் அதிகம், அதனால் இரண்டும் சேர்ந்தால் பதம் சரியாக வரும். பேரி கல்லாக இருந்தால் நாலைந்து நாள் அரிசி டிரம்மில் புதைத்து வையுங்கள். காம்பைச் சுற்றிய இடம் விரலுக்கு லேசாக அமுங்கினால் எடுத்துவிட வேண்டும். பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும், வெளியே நன்றாக மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தால் உள்ளே அழுகியிருக்கும்.

தோல் சீவி, விதையும் நடுத்தண்டும் நீக்கித் துண்டு போடுங்கள். போட்ட உடனே ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு பிழிந்து கலந்துவிட்டால் கறுக்காது. பேரியில் புளிப்பு குறைவு என்பதால் ருசிக்கும், கெடாமல் இருப்பதற்கும் இந்தச் சாறு தேவை. ஒரு விரல் நீளப் பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு ஏலக்காய், ஒரு சிறு துண்டு சுக்கு, நான்கைந்து மிளகு ஆகியவற்றை வெள்ளைத் துணியில் முடிந்து போடுங்கள். மிளகு எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் படர்வது மிளகுக் கொடிதான், அந்த மலைப் பழத்துக்கு அந்த மலை மிளகு நன்றாகவே சேர்கிறது.

அரை டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து குக்கரில் இரண்டு விசில், பிறகு தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். திறந்த பாத்திரத்தில் என்றால் மூடி வைத்து அரை மணி நேரம் ஆகலாம், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்காட்டிலேயே தங்கிச் சமைப்பவர்களுக்கு இன்னும் நேரமாகும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைவதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான்.

வெந்ததும் துணி முடிச்சை எடுத்துவிட்டு மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் அடித்தால் வழவழவென்று ஆகிவிடும், எங்களுக்கு அது பிடிப்பதில்லை. நாட்டுப் பேரியில் பல்லில் மணல் கடிபடுவது போன்ற சிறு துகள்கள் உண்டு. பழத்தின் இயல்பே அது, எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது. சிறு பிள்ளைகளுக்கு என்றால் மாவு சலிக்கும் கம்பிச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். கடைசியாகச் சுவை பார்த்து, தேவையானால் மட்டும் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கலாம்.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கிய குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் உப்பு, சர்க்கரை, மசாலா எதுவும் வேண்டாம், வெறும் பழம் போதும். தேன் கூடவே கூடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது, அதைச் சிலர் தஹ்னீக் என்றே நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் மேலண்ணத்தில் தடவியதாகவே ஹதீஸ்கள் வருகின்றன. தேனில் நிவாரணம் இருக்கிறது என்று குர்ஆன் சொல்வதை நாம் நம்புகிறோம். அதே நேரம், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் கொதிக்க வைப்பதால் அந்த வித்துகள் சாவதில்லை. ஒரு வயதுக்குப் பிறகு தாராளமாகக் கொடுக்கலாம்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்களின் செய்முறையைப் பார்த்துச் செய்பவர்கள் இரண்டு மூன்று இடங்களில் நிதானிக்க வேண்டும். 'ஆப்பிள் சைடர்' ஊற்றுங்கள் என்பார்கள். அமெரிக்காவில் இந்தப் பெயர் பெரும்பாலும் புளிக்காத பழச்சாற்றைக் குறிக்கும், இங்கிலாந்தில் அதே பெயர் மதுபானம். சிலர் பிராந்தியோ ரம்மோ சேர்த்து, கொதித்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடும் என்பார்கள். அது சரியான தகவல் இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, உணவோடு கலந்து அரை மணி நேரம் கொதித்த பிறகும் சுமார் 35 சதவீதம் ஆல்கஹால் தங்கியிருக்கும், இரண்டரை மணி நேரம் ஆனாலும் 5 சதவீதம் மிஞ்சும். அசல் வெனிலா எக்ஸ்ட்ராக்டிலும் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஏலக்காய் இருக்கும் வீட்டில் வெனிலா எதற்கு? வினிகர் விஷயத்தில் குழப்பம் வேண்டாம், அதை நல்ல குழம்பு என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள்.

சுத்தமான கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். ஈரக் கரண்டி போடக்கூடாது. மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, நுரை கட்டியிருந்தாலோ, கள் வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், பழச் சர்க்கரை புளித்து ஆல்கஹாலாக மாறத் தொடங்கியதன் அடையாளம் அது. நபி (ஸல்) அவர்களுக்காகத் திராட்சை ஊறவைத்த நபீதை மூன்று நாளுக்கு மேல் அருந்தாமல் விட்டுவிட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது முஸ்லிம் நூலில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இல்லாத அந்த நாளில் எவ்வளவு கவனம் என்று பாருங்கள். மசியலை வெளியே அலமாரியில் வைக்கும் ஊறுகாய் போல நினைத்துவிடாதீர்கள்.

நிறைய இருந்தால் சிறு டப்பாக்களில் முக்கால் அளவு நிரப்பி ஃபிரீசரில் வைக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் வாங்கிய பேரிக்காய் இன்ஷா அல்லாஹ் ரமளானுக்கும் வரும். இஃப்தாரில் கெட்டித் தயிரோடு கலந்து குளிரக் குளிரச் சாப்பிடலாம். ஸஹரில் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். மேற்கத்தியர்கள் இதைப் பன்றி இறைச்சியோடு பரிமாறுவார்கள். நமக்கு ஆட்டுச் சாப்ஸும், தந்தூரிக் கோழியும் இருக்கின்றன. காரத்துக்கு இந்த இனிப்பும் புளிப்பும் நன்றாக எடுபடும். பல் இல்லாத பெரியவர்களுக்கு, குறிப்பாக நோன்பில் மலச்சிக்கலால் அவதிப்படுபவர்களுக்கு, பேரியில் உள்ள நார்ச்சத்தும் சார்பிட்டாலும் உதவும். சர்க்கரை நோயாளிகள் இனிப்பே சேர்க்காமல் இரண்டு மூன்று ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான்.

சீவிய தோலைத் தூக்கிப் போடுவதற்கு முன், மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு ஒரு துண்டு பட்டையோடு பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டிப் பாருங்கள். இளஞ்சூட்டில் குடிக்க நன்றாக இருக்கும். மிஞ்சிய சக்கை பக்கத்து வீட்டு ஆட்டுக்கு.