பழைய சிஎன்சி மெஷினுக்குப் புது கன்ட்ரோலர்: இதெல்லாம் தெரியுமா?

வார்ப்பிரும்பு உடம்பு திடமாக இருக்கும். கன்ட்ரோலர் மட்டும் படுத்துவிட்டிருக்கும். அந்த மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், புது கன்ட்ரோலர் பூட்டி ஓடவைப்பதுதான் ரெட்ரோஃபிட். இதற்குள் இத்தனை ஆச்சரியங்களா!

● 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடம் காட்டிய எண்வழி மில்லிங் மெஷினே ஒரு ரெட்ரோஃபிட்தான், தெரியுமா? ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மெஷினை எடுத்து, மூன்று அச்சுகளுக்கும் சர்வோ பூட்டி, துளையிட்ட காகித நாடாவால் ஓட்டினார்கள். கன்ட்ரோலர் முழுக்க வெற்றிடக் குழாய்களும் ரிலேக்களும்!

● இலவசமாகவே ஒரு கன்ட்ரோலர் மென்பொருள் கிடைக்கிறது, தெரியுமா? அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 1990-களில் உருவாக்கிய இஎம்சிதான் இன்றைய லினக்ஸ்சிஎன்சி. 2011-ல் பெயர் மாறியது. இன்றும் காசு கிடையாது!

● வெறும் 2 கேபி ராம் உள்ள அர்டுயினோ ஊனோ போர்டு மூன்று அச்சு மெஷினை ஓட்டும், தெரியுமா? அதில் ஏற்றும் ஜிஆர்பிஎல் மென்பொருள் விநாடிக்குச் சுமார் 30,000 பல்ஸ் வரை கொடுக்கும்.

● அது போதுமா? கணக்குப் போடுங்கள்! சுற்றுக்கு 200 ஸ்டெப் உள்ள மோட்டாரை 10 மைக்ரோஸ்டெப்பில் வைத்தால் சுற்றுக்கு 2,000 பல்ஸ். பால் ஸ்க்ரூ பிட்ச் 5 மி.மீ. என்றால், மில்லிமீட்டருக்கு 400. நிமிடத்துக்கு 3 மீட்டர் ஓட விநாடிக்கு 20,000 பல்ஸ், ஜிஆர்பிஎல் தாங்கும். அதே ஸ்க்ரூவில், சுற்றுக்கு 10,000 பல்ஸ் கேட்கும் சர்வோவைப் பூட்டி 15 மீட்டர் வேகம் கேட்டால்? விநாடிக்கு 5 லட்சம்! இங்கே பல்ஸை வன்பொருளிலேயே உருவாக்கும் மேசா போன்ற எஃப்பிஜிஏ போர்டுதான் கைகொடுக்கும்.

● பல பழைய சர்வோ டிரைவுகளுக்குப் பல்ஸே புரியாது, தெரியுமா? மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரையிலான அனலாக் மின்னழுத்தம்தான் அவற்றுக்குக் கட்டளை. டிரைவும் மோட்டாரும் நன்றாக இருந்தால், அனலாக் வெளியீடும் என்கோடர் உள்ளீடும் கொண்ட கன்ட்ரோலரைத் தேடுங்கள், பெருஞ்செலவு மிச்சம்!

● கணினியை மெஷினோடு இணைக்கும் 25 பின் பேரலல் போர்ட்டில் உள்ளீட்டுக்கு வழக்கமாக ஐந்தே பின்கள்தான், தெரியுமா? மூன்று ஹோம் ஸ்விட்ச், ஒரு எமர்ஜென்சி, ஒரு புரோப்... தீர்ந்தது! அதைவிட, மாக்3 மென்பொருளின் பேரலல் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலையே செய்யாது.

● ஸ்பிண்டிலில் என்கோடரோ இண்டெக்ஸ் சென்சாரோ இல்லாமல் சிஎன்சி லேத்தில் பல பாஸ் கொடுத்து மரை வெட்ட முடியாது, தெரியுமா? ஒவ்வொரு பாஸிலும் டூல் அதே இடத்தில் இறங்கச் சுற்றுக்கு ஒரு இண்டெக்ஸ் பல்ஸாவது வேண்டும். கன்ட்ரோலருக்கு அதைப் படிக்கவும் தெரிய வேண்டும்!

● லிமிட் ஸ்விட்சை நார்மலி குளோஸ்டாக இணைப்பது ஏன் தெரியுமா? ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். எமர்ஜென்சி பட்டனும் மென்பொருளை நம்பாமல், கான்டாக்டர் வழியாக மோட்டார் பவரையே துண்டிக்க வேண்டும்.

எனவே விலைப்பட்டியலைப் புரட்டுமுன் மெஷினின் பேனலைத் திறந்து டிரைவின் மாடல் எண், என்கோடர் பல்ஸ், ஸ்க்ரூ பிட்ச் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்!