மூழ்குவது ஏன் கடினம்?

ஒகேனக்கலில் பரிசல் மிதப்பதைக் கண்டு வியக்கிறவர்கள், ஒரு கலத்தை வேண்டுமென்றே மூழ்கச் செய்வது அதனினும் கடினமான காரியம் என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

தருமபுரிப் பட்டறை ஒன்றில், ஒருவர் மட்டும் அமரத்தக்க 1.2 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் கோளத்தைச் செய்து காவிரியில் இறக்குவதாக வைத்துக்கொண்டால், அது முழுதும் அமிழும்போது ஏறத்தாழ 900 கிலோ ஜலத்தை விலக்கும். ஆகவே, மனிதரின் 70 கிலோ போக எஞ்சிய 830 கிலோவையும் எஃகும் ஈயமும் மின்கலங்களுமாக நிரப்பினாலன்றி, அது ஆர்க்கிமிடீஸ் விதிக்குப் பணிந்து பிடிவாதமாக மிதந்துகொண்டேயிருக்கும். கடைசிச் சில கிலோக்களை மட்டும் தொட்டியில் நீராக ஏற்றியும், அழுத்தக் காற்றால் வெளியேற்றியும் இறங்குவதும் ஏறுவதும் நடைபெறுகின்றன.

கோளம் ஏன் எனில், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் பெருகும் அழுத்தத்தை அவ்வடிவமே எத்திசையிலும் சமமாகப் பகிர்ந்து தாங்குகிறது. 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூவரை அனுப்பும் பொருட்டு, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் ‘மத்ஸ்யா 6000’ கலத்திலும் 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளமே மனிதர் அமரும் அறை.

ஆற்று மடுவுக்கு அவ்வளவு வேண்டாம். எனினும் பத்து மீட்டரிலேயே, 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டச் சாளரத்தின்மேல் சுமார் 700 கிலோ பாரம் அழுத்தும். அதனினும் வஞ்சகமானது சுவாசம்: பிராணவாயு தீருமுன்னரே, நாம் வெளிவிடும் கரியமிலவாயு மயக்கம் விளைவிக்குமாதலால், உள்ளறைக் காற்றைச் சோடாச் சுண்ணாம்பினூடே ஒரு சிறு விசிறி இடைவிடாது செலுத்திக்கொண்டிருக்க வேண்டும்.