பூனைக்குட்டிக்கு எவ்வளவு தண்ணீர்?

கோடையில் தண்ணீரின் அருமையைத் திருவண்ணாமலை மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இறைவனை நெருப்பின் வடிவில் கண்டு மக்கள் வழிபடும் இந்நகரில், கத்திரி வெயில் நாட்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதும் உண்டு. 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சுற்றுப் பாதையில் நடந்து வருவோருக்கு நீரும் மோரும் வழங்குவோர் பலர். பறவைகளுக்காக மாடிச் சுவரில் மண்கலயம் வைக்கும் இல்லங்களும் இல்லாமல் இல்லை.

ஆயினும் இந்நற்செயலே சில வேளைகளில் ஒரு சிற்றுயிரின் முடிவுக்குக் காரணமாகிவிடுகிறது. விறகுக் குவியலிலோ மாட்டுக் கொட்டகையிலோ கண் திறவாத பூனைக்குட்டி ஒன்று கத்துகிறது. அதைக் கண்ட சிறுவர்கள், "பாவம், தாகத்தால் கத்துகிறது" என்று இரங்கி, வாயைப் பிளந்து தண்ணீர் வார்க்கின்றனர். வார்த்த நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்க, குட்டி திணறி மடிகிறது. அல்லது நுரையீரல் அழற்சி கண்டு ஓரிரு நாட்களில் இறக்கிறது. ஆகவே, எந்த வயதில் எவ்வளவு நீர் தேவை என்பதைப் பெற்றோர் அறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதல் நலம்.

முதல் நான்கு வாரங்கள்

பிறந்த பூனைக்குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை அது வளர வேண்டும். இவ்வளர்ச்சிக்கு வேண்டிய உணவும் நீரும் தாய்ப்பாலிலேயே அடங்கியுள்ளன. எனவே முதல் நான்கு வாரங்களில் குட்டிக்குத் தனியே தண்ணீர் தேவையே இல்லை. அதன் சின்னஞ்சிறு இரைப்பையை நீரால் நிரப்பினால், பாலுக்கு இடமில்லாமற் போகும்.

அப்படியாயின் வெயிற்காலத்தில் குட்டிக்கு உதவ வழி யாது? தாய்க்கு நீர் வைப்பதே வழி. பாலூட்டும் பூனைக்கு வழக்கத்தைவிட மிகுதியாக உணவும் நீரும் தேவைப்படும். குட்டிகள் கிடக்கும் இடத்துக்கு அருகில், நிழலில், ஒரு சட்டி நீர் வைத்தால் அது பாலாகிக் குட்டிகளைச் சென்றடையும்.

தனித்துக் கிடக்கும் குட்டி எல்லாம் அனாதை அன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தாய் இரை தேடச் சென்றிருக்கலாம்; குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டிக்கு உடனடி ஆபத்து இல்லையெனில், சில மணி நேரம் தொலைவில் நின்று பார்த்திருப்பதே அறிவுடைமை.

தாய் வரவில்லையெனில்?

முதலில் குட்டியைத் துணியில் பொதிந்து இளஞ்சூட்டில் வைத்திருக்க வேண்டும். முதல் வாரங்களில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. உடல் குளிர்ந்திருக்கும்போது ஊட்டிய பால் செரிக்காது. பின்னர், பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் பால்மாவைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி கரைத்துச் சிறு பால்புட்டியால் ஊட்டலாம். முதல் வாரத்தில் இரவு பகலாக இரண்டு, மூன்று மணிக்கொரு முறை ஊட்ட வேண்டியிருக்கும்.

நம் தாய்மார் கைக்குழந்தையை மடியில் மல்லாத்திச் சங்கினால் பால் புகட்டுவர். பூனைக்குட்டிக்கு இம்முறை கூடவே கூடாது. தாயின் மடியைத் தேடும்போது இருப்பதுபோல், குப்புறப் படுத்த நிலையில்தான் அது பருக வேண்டும்.

பசுவின் பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. பூனைப்பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மேலும், பால்குடி மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். தாகம் தீர்க்கவென்று வைத்த பாலே உடலின் நீரை வெளியேற்றிவிடும். பூனை என்றால் பால் என்று நாம் பழகிவிட்ட எண்ணத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

நீர் பருகத் தொடங்கும் பருவம்

நான்காம் வாரமளவில் குட்டி திட உணவை நக்கத் தொடங்கும். அப்போது ஆழமற்ற தட்டில், ஒரு விரல் அகல உயரத்துக்கு மட்டும் நீர் வைக்கலாம். ஆழ்ந்த பாத்திரம் அதற்குக் கிணறு.

வளர்ந்த பூனைக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லி அளவில் நீர் வேண்டும். வளரும் குட்டிக்கு எடையை நோக்க இதைவிடச் சற்று மிகுதி. இரண்டு மாதக் குட்டி ஒன்று முக்கால் கிலோவுக்கு மேல் எடையிருந்தால், 50 முதல் 80 மில்லி வரை போதுமானது. ஏறக்குறைய கால் தம்ளர் என்று கொள்ளலாம்.

இக்கணக்கில் உணவிலுள்ள நீரும் சேர்ந்தது. மீனிலும் இறைச்சியிலும் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் நீரே. ஆகவே மீன் சோறு உண்ணும் குட்டி தட்டை நாடாவிடினும் அஞ்ச வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் உலர் தீனியிலோ நூற்றுக்குப் பத்துப் பங்கே நீர். அதை உண்ணும் குட்டிக்குத் தட்டில் நீர் குறையவே கூடாது.

பூனை நீர் பருகும் விதமும் வியப்பிற்குரியது. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோமன் ஸ்டாக்கரும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். பூனை நாவின் நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டு விரைந்து மேலிழுக்கிறது. கூடவே எழும் நீர்த்தூண் விழுமுன் வாயை மூடிக்கொள்கிறது. வளர்ந்த பூனை நொடிக்கு நான்கு முறை இவ்வாறு செய்தும், ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.1 மில்லியே. 50 மில்லி பருக ஐந்நூறு முறை நா நீட்ட வேண்டும்!

மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனையின் வழிவந்தது நம் வீட்டுப்பூனை. குறைந்த நீரில் வாழ அதன் சிறுநீரகங்கள் பழகியவை. தாக உணர்ச்சியும் குறைவு. எனவே அது கேட்கும் என்று காத்திராமல், நிழலில் மண்தட்டில் நீர் வைத்து, காலையும் மாலையும் மாற்றிவைக்க வேண்டும்.

ஆபத்தின் அறிகுறிகள்

ஈறுகள் உலர்ந்து பிசுபிசுத்தல், கண்கள் குழிதல், துவண்டு கிடத்தல், பிடரித்தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமை ஆகியவை உடலில் நீர் வற்றியதன் அடையாளங்கள். மிகச் சிறிய குட்டிகளில் தோலைவிட ஈறே நம்பத்தக்கது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருப்பின் மறுநாள் வரை காத்திராமல் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குட்டி கடித்தாலோ கீறினாலோ, புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை நாட வேண்டும். வெறிநோய் பூனையாலும் பரவும்.

சிற்றுயிர்களை மதித்தல் இந்நகருக்குப் புதிதன்று. ரமணாசிரமத்தில் 1948-இல் இறந்த லட்சுமி என்னும் பசுவின் சமாதியும், அருகே ஒரு மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் அமைந்த சமாதிகளும் அதற்குச் சான்று. நம் இல்லத்துப் பிள்ளைகளில் ஒருவரிடம் பூனையின் தண்ணீர்த் தட்டை ஒப்படைப்போம். நாள்தோறும் இருமுறை கழுவி நிரப்பட்டும். குட்டியின் வயதைக் கேட்டறிந்து கொடுக்கட்டும். இரக்கப்படுமுன் எதிரிலுள்ள உயிருக்கு எது தேவை என்று உற்று நோக்கும் பழக்கம், பின்னாளில் மனிதரிடத்தும் அப்பிள்ளைக்குக் கைகொடுக்கும்.