கரும்பு வெட்டுக்கு முன்னால், வெட்டுக்குப் பின்னால்

போன வருஷம் மே மாசம் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டுக்கு பிரீமியம் கட்ட மறந்துவிட்டேன். கையில் பணமில்லை என்று பத்து நாள் தள்ளிப்போட்டேன்; அப்புறம் மறந்தே போனது. கிரேஸ் பீரியடும் முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. புதிதாகத்தான் பாலிசி எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் சர்க்கரை நோய்க்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து.

மாசச் சம்பள வேலை போய், கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. எக்செல்லில் பட்ஜெட் போட்டு வைத்திருக்கிற ஆள் நான். எப்படி மறந்தேன்?

இந்தக் கேள்வியோடு தேடியபோது கிடைத்த ஆய்வு எங்கள் ஊர்ப்பக்கத்தைப் பற்றியதாகவே இருந்தது. 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் எழுதியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை சோதித்தார்கள். படங்களில் விட்டுப்போன பகுதியைக் கண்டுபிடிக்கும் புதிர், கவனத்தைச் சோதிக்கும் எண் விளையாட்டு. அதே ஆள், அதே தலை. ஆனால் வெட்டுக்கு முன்னால் மதிப்பெண் குறைவு.

பருவநிலைதான் காரணமோ என்று கேட்கலாம். கரும்பில் ஒரு வசதி: ஆலை கட்டிங் ஆர்டர் கொடுப்பது ஒரே நாளில் அல்ல, பல மாசம் பரவியிருக்கும். ஒருவர் வெட்டி முடித்திருக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர் காத்துக்கொண்டிருப்பார். அதனால் காலண்டர் மேல் பழி போட முடியாது. கைமுட்டான காலத்தில் மூளையின் ஒரு பகுதி எப்போதும் காசுக் கணக்கிலேயே கிடக்கிறது, மற்ற வேலைக்கு மிச்சம் குறைவு என்பது அவர்கள் விளக்கம். என் மறதிக்கு இது சாக்கு அல்ல. ஆனால் முக்கியமான முடிவுகளை எந்த மாசத்தில் எடுக்கக் கூடாது என்பது தெரிந்தது.

அடுத்து என் பட்ஜெட்டையே பிரித்துப் பார்த்தேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை, வரி போக வந்தது (ஆயிரத்தில்): 0, 0, 160, 40, 0, 200, 120, 0, 0, 80, 240, 60. மொத்தம் 9 லட்சம். 12-ஆல் வகுத்தால் மாசம் 75,000. இதைத்தான் பட்ஜெட் என்று வைத்திருந்தேன்.

மாசம் 75,000 செலவழித்தால் மே முடிவில் பள்ளம் 1,50,000. ஆகஸ்ட் முடிவில் 1,75,000. மார்ச்சில் கணக்கு சரியாக நேராகிவிடும், உண்மைதான். ஆனால் ஆகஸ்டில் யார் கொடுப்பார்கள்? கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பதைச் சராசரி சொல்லாது, ஆழமான பள்ளம்தான் சொல்லும். செலவை 60,000-க்குக் குறைத்தால் மிக ஆழமான பள்ளம் 1,20,000. வருஷக் கடைசியில் 1,80,000 மிச்சம். அது அடுத்த வருஷத்தின் பள்ளத்தை மூடப் போதும்.

இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "எந்த மாசத்துலடா வந்துச்சு சராசரி?" என்றார்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. ஆலைப் பணம் வந்த வாரமே அம்மா அடகு நகையை மீட்பார், மளிகைக் கடை நோட்டை நேர் செய்வார், வருஷத்துக்கு நெல் வாங்கிப் போடுவார், ஸ்கூல் ஃபீஸ் கட்டுவார். காசு வந்ததும் வாரி இறைக்கிறார் என்று சின்ன வயசில் நினைத்திருக்கிறேன். உண்மையில் வரப்போகும் பள்ளங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார். அரிசியும் ஃபீஸும் முடிந்துவிட்டால், காசில்லாத மாசத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான். யோசிக்க வேண்டியதும் கொஞ்சம்தான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 1966-ம் வருஷக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். அப்பா மாசக்கணக்கில் காத்திருந்த வருஷங்கள் உண்டு. அப்போதெல்லாம் அம்மாவின் செயின் மறுபடி அடகுக்கடைக்குப் போனது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பட்ஜெட்டும் வராத பணத்தைப் பங்கு போட முடியாது.

இப்போது நான் செய்வது: பெரிய தொகை வந்த அன்றே வருஷச் செலவுகளைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். முதலில் அப்பாவின் பிரீமியம், அடுத்து ஃபீஸ். மாசம் 60,000-க்கு மேல் எடுப்பதில்லை. புது கான்ட்ராக்ட் பேசுவதைக் கூடியவரை பணம் இருக்கிற மாசத்தில் வைத்துக்கொள்கிறேன். பிப்ரவரியில் 2,40,000 வந்த அன்று முதலில் போனது பிரீமியப் பணம்தான். அப்பாவுக்கு இன்னும் அந்த மே மாசக் கதையைச் சொல்லவில்லை. காத்திருப்புக் காலம் முடிந்ததும் சொல்லலாம் என்றிருக்கிறேன்.